மருமகள் மடியில் உப்புப் பொட்டலம்

ஐஸ் கம்பெனியில் அஞ்சு வருஷம் வேலை பார்த்தவன் ஐஸை வைத்தே தன் காதைச் சுட்டுக்கொண்டான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. இடது காது மடலைத் திருப்பிக் காட்டுவேன். கீழ்ப்பக்கம் ஊறவைத்த கொண்டைக்கடலை அளவுக்குத் தோல் சுருங்கி ஒரு தடம் இருக்கும். அதைப் பார்த்த பிறகு நம்புவார்கள். நம்பிவிட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். நானும் அதைத்தானே செய்துகொண்டிருக்கிறேன்.

கடலூர் ஓல்டு டவுனில், துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்தது அந்தக் கம்பெனி. இரண்டாயிரத்து ஆறில் சூப்பர்வைசராகச் சேர்ந்தேன். பெயர்தான் பெரிசு. மீன்பிடி போட்டுக்காரர்கள் கேட்கிற ஐஸ் பாரை எடுத்துக் கொடுக்கச் சொல்லிக் கத்துவது என் வேலை. நான் கத்துவதற்கு முன்பே ஆட்கள் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். மிச்ச நேரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருப்பேன்.

உள்ளே தரையோடு தரையாக ஒரு பெரிய தொட்டி. அது முழுக்க உப்புத் தண்ணீர். அதற்குள் தகர கேன்களை வரிசையாக இறக்கி, கேனுக்குள்ளே நல்ல தண்ணீர் பிடித்துவிட்டு, மேலே மரப்பலகை போட்டு மூடிவிடுவோம். மெஷின் ஓட ஓட, உப்புத் தண்ணீரின் குளிர் சைபருக்குக் கீழே எட்டு, ஒன்பது என்று இறங்கும். ஆனாலும் அது உறையாது. கேனுக்குள் இருக்கிற நல்ல தண்ணீர்தான் கல்லாகும். சேர்ந்த புதிதில் ஆபரேட்டர் அண்ணனிடம், "எல்லாத்தையும் உறைய வெக்கிற தண்ணி, அது மட்டும் ஏன்ணே உறைய மாட்டேங்குது?" என்று கேட்டேன். அவர் பீடியை வாயிலிருந்து எடுக்காமலே சொன்னார்:

"உப்பு போட்டுத் திங்கிறது தம்பி அது. சொரணை இருக்கும். லேசுல மசியாது."

அப்போது சிரித்துவிட்டுப் போய்விட்டேன். அந்தப் பாடம் காதுக்கு ஏற அஞ்சு வருஷம் ஆயிற்று.

என் தங்கச்சியைச் சிதம்பரத்தில், வடக்கு வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்கு ஒரே பெண். எங்கள் பக்கம் பிள்ளைக்குக் காது குத்துவதென்றால் ஒற்றைப்படை வயதில்தான் குத்த வேண்டும். அதுவும் தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான். ஒரு வயதில் நாள் குறித்தபோது குழந்தைக்கு அம்மை போட்டுவிட்டது. மூன்று வயதில் மறுபடி நாள் குறித்தோம். ஆசாரி வந்து உட்கார்ந்தார். "சும்மா சாமி கும்பிடத்தான் செல்லம், வா" என்று சொல்லி நான்தான் அவளை மடியில் உட்காரவைத்தேன். ஆசாரி கம்பியை எடுத்தார். அவள் கம்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஆசாரியின் கட்டைவிரலைக் கடித்தாள். பொய் சொன்னவன் நான், கடி வாங்கியவர் அவர். அவள் இறங்கி ஓடியதோடு அந்த விசேஷம் முடிந்தது. சாப்பாடு மட்டும் நன்றாக இருந்தது.

அதற்கப்புறம் இரண்டு வருஷம் அவள் என் மடியில் உட்காரவில்லை. நான் போனால் சிரிப்பாள், விளையாடுவாள், வாங்கிக்கொண்டுபோன பிஸ்கட்டைச் சாப்பிடுவாள். "வா, மாமா மடியில உக்காரு" என்றால் மட்டும் ரெண்டு அடி தள்ளி நின்றுகொள்வாள். எல்லோரும் அதைப் பார்த்துச் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். ஆனால் சிதம்பரத்திலிருந்து பஸ் ஏறி முட்லூர் வருவதற்குள் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிடும்.

ஐந்து வயதும் முடியப்போகிற நேரத்தில் தங்கச்சி போன் போட்டாள்.

"ண்ணா, இந்த மாசம் குத்தலன்னா இனிமே ஏழு வயசுதான். இவ ராத்திரியெல்லாம் கேட்டுக்கிட்டே இருக்கா. நீயே பேசு."

போனை அவள் மகள் வாங்கினாள். வணக்கம், நல்லா இருக்கியா ஒன்றும் கிடையாது.

"மாமா, காது குத்துனா வலிக்குமா?"

"வலிக்காது."

"போன தடவையும் இப்புடித்தான் சொன்ன."

"இந்தத் தடவ ஐஸ் வெச்சுருவேன். மாமா ஐஸ் கம்பெனில்ல? ஐஸ் வெச்சா காது மரத்துப்போயிடும். குத்துனதே தெரியாது."

"நீ வெச்சுப் பாத்தியா?"

இந்தக் கேள்வியை நான் எதிர்பார்க்கவில்லை.

"பாத்துட்டுச் சொல்லு" என்றாள். பிறகு, "ஐஸ்கிரீம் தருவியா?" என்றாள்.

"வாளி நெறைய" என்றேன். வாக்கு கொடுப்பதில் எனக்கு எப்போதும் தாராளம்.

மறுநாள் மத்தியானம் கம்பெனியில் ஆராய்ச்சியை ஆரம்பித்தேன். முதலில் வெறும் ஐஸ். ஒரு துண்டை இடது காதில் அஞ்சு நிமிஷம் வைத்திருந்துவிட்டு, பில் புக்கில் இருந்த குண்டூசியால் லேசாகக் குத்திப் பார்த்தேன். மரத்துத்தான் இருந்தது, ஆனாலும் சுருக்கென்றது. இது போதாது. பிள்ளைக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அப்போதுதான் எனக்குள் இருந்த விஞ்ஞானி எழுந்தான். வெறும் ஐஸைவிட உப்புத் தொட்டிதானே ஜாஸ்தி குளிர்? உப்பு சேர்த்தால் என்ன?

தொட்டிக்குப் போட வைத்திருந்த மூட்டையிலிருந்து ரெண்டு கை கல் உப்பு, கிரஷரிலிருந்து கொஞ்சம் நொறுக்கிய ஐஸ், ரெண்டையும் கைக்குட்டையில் முடிந்து காதில் அழுத்திக்கொண்டு பேப்பர் படிக்க உட்கார்ந்தேன். ஆபரேட்டர் அண்ணன் அந்தப் பக்கமாக வந்தார்.

"என்னா, பல்வலியா?"

"காதுண்ணே."

"காதுவலியா?"

"வலி இல்ல. வலிக்காம இருக்கறதுக்கு."

அவர் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். பிறகு, இதெல்லாம் தன் வேலையில் சேராது என்பதுபோல உள்ளே போய்விட்டார்.

முதலில் எரிந்தது. பிறகு எரிச்சல் நின்றது. பிறகு காது இருக்கிறதா இல்லையா என்பதே தெரியவில்லை. குண்டூசியால் குத்தினேன். ஒன்றும் இல்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். ஒன்றும் இல்லை. சந்தோஷத்தில் விளையாட்டுப் பக்கம் முழுவதையும் படித்தேன். எனக்குப் புரியாத டென்னிஸ் செய்தியைக்கூட விடவில்லை. கைக்குட்டையை எடுத்தபோது காது மடல் வெள்ளையாக, மெழுகில் செய்ததுபோல இருந்தது. தொட்டால் கட்டையாக இருந்தது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன், பெருமையாகத்தான். அவர் முகம் மாறியது.

"எவ்ளோ நேரம் வெச்சிருந்த?"

"பேப்பர் முடியிற வரைக்கும்."

"உப்பு போட்டா?"

"ஆமா."

"நீ உப்பு போட்டுத்தான் சோறு திங்கிறியா?" என்று ஆரம்பித்தார் அவர். "ஏன்யா, வெறும் ஐஸுன்னா சைபர்லயே நிக்கும். உப்பு அத உருக்கும். உருகணும்னா அதுக்குச் சூடு வேணும். சூட்டுக்கு அது எங்க போவும், டீக்கடைக்கா போவும்? பக்கத்துல எவன் இருக்கானோ அவங்கிட்ட புடுங்கும். புடுங்கப் புடுங்க அது கீழ எறங்கிக்கிட்டே போவும், ஆனா தண்ணியாவே கெடக்கும். அஞ்சு வருசமா இந்தத் தொட்டி மேலதான நடந்துக்கிட்டிருக்க? என்னைக்காவது அதுல காத விட்டுப் பாத்தியா?"

அவர் பேசி முடிப்பதற்குள் காதுக்கு உயிர் வர ஆரம்பித்தது. அது வந்த வேகத்தை எழுத்தில் சொல்ல முடியாது. சாயங்காலத்துக்குள் மடல் சிவந்து, வீங்கி, அதன் நுனியில் ஒரு கொப்புளம் கம்மல் மாதிரி தொங்கியது.

திருப்பாதிரிப்புலியூரில் டாக்டரம்மா பார்த்தார்கள்.

"தீக்காயமா?"

"இல்லைங்க, ஐஸ்."

"ஐஸா? எப்புடி?"

சொன்னேன். அவர்கள் மருந்து போட்டு, பஞ்சு வைத்து, பெரிய பிளாஸ்திரி ஒட்டிவிட்டார்கள். சீட்டு எழுதும்போது, "உப்பு போட்ட ஐஸும் நெருப்பு மாதிரிதான். இனிமே தோல்ல வெச்சிடாதீங்க. என்ன வேலை பாக்கறீங்க?" என்றார்கள். "ஐஸ் கம்பெனில சூப்பர்வைசர்" என்றேன். டாக்டரம்மா சீட்டை மூக்குக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் படித்தார்கள். தோள் மட்டும் குலுங்கியது.

வீட்டில் மனைவி சிரிப்பை மறைக்கவெல்லாம் இல்லை.

"ஊருல அவனவன் மாமன் சீரு கொண்டுட்டுப் போறான். நீங்க காதப் பொரிச்சு எடுத்துட்டுப் போறீங்க."

"புள்ளைக்காகத்தான..."

"அந்தப் புள்ள கேட்டா என்னா சொல்லுவீங்க?"

அதுதான் எனக்கும் தெரியவில்லை. விசேஷத்துக்கு மூன்றே நாள் இருந்தது.

ஐஸ்கிரீம் வாக்கு ஒன்று பாக்கி நின்றது. கடையில் வாங்கலாம் என்றால், அப்போது தினமும் மணிக்கணக்கில் கரண்டு கட். சிதம்பரத்தில் நல்ல நேரம் எப்போதோ அப்போதுதான் கரண்டு போகும் என்று தங்கச்சி சொல்லியிருந்தாள். எங்கள் தெருவில் ஒரு அக்கா, மாதா கோயில் திருவிழாவில் வருஷா வருஷம் ஐஸ்கிரீம் ஸ்டால் போடுபவர். அவரிடம் கையால் சுற்றுகிற பழைய மரவாளி ஒன்று இருந்தது. நடுவில் பாலுக்கு ஒரு தகரக் குவளை. அதைச் சுற்றி ஐஸும் கல் உப்பும் போட்டுக் கைப்பிடியைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். "உப்ப மறந்துறாதீங்க தம்பி. உப்பு இல்லன்னா நாள் பூரா சுத்துனாலும் குளுந்த பாலுதான்" என்று சொல்லிக் கொடுத்தார். என் பிளாஸ்திரியைப் பார்த்துவிட்டு, "மூடிய மட்டும் இறுக்கமா மூடுங்க" என்றும் சேர்த்துக்கொண்டார். இதில் ரெண்டாவதை மறந்துவிட்டேன்.

விசேஷத்தன்று விடிந்ததும் கிளம்பினோம். மனைவி கையில் சீர்த்தட்டுகள் இருந்த கூடை, என் தோளில் மரவாளி, காலடியில் உமி போட்டுச் சாக்கில் கட்டிய ஐஸ், பையில் உப்புப் பொட்டலம். ஆலப்பாக்கம் வருவதற்குள் பஸ்ஸில் தண்ணீர் ஓட ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர் வந்தார்.

"என்னாய்யா ஒழுவுது? மீனா?"

"மீன் இல்லைங்க. வெறும் ஐஸ்."

"சிதம்பரத்துல ஐஸ் கெடைக்காதா?"

அவர் கேட்டது நியாயம். கம்பெனியில் இருப்பவன் வெளியில் ஐஸ் வாங்குவதா என்கிற கௌரவம் எனக்கு. அதை எப்படி அவரிடம் சொல்வது? அதற்குள் பின் சீட்டில் இருந்த ஒரு அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு ரெண்டு காலையும் தண்ணீரில் நீட்டிக்கொண்டார்கள். "ஒழுவட்டும் வுடுப்பா. நல்லா ஜில்லுன்னு இருக்கு" என்றார்கள். கண்டக்டர் என் காதைப் பார்த்துவிட்டு, பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, போய்விட்டார்.

தங்கச்சி வாசலிலேயே என்னை மறித்தாள். அவளுக்கு என் மனைவி போனில் எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டிருந்தாள்.

"ண்ணா, குளவி கொட்டிடுச்சுன்னு சொல்லிடு. ஐஸ்னு சொன்ன, அவ உக்கார மாட்டா."

"சரி."

"மூஞ்ச ஒழுங்கா வெச்சிக்கிட்டுச் சொல்லு."

"சரி."

உள்ளே போனேன். பட்டுப்பாவாடை கட்டி, பூ வைத்து, கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள் மருமகள். நேராக என் காதைத்தான் பார்த்தாள்.

"மாமா, ஐஸ் வெச்சுப் பாத்தியா?"

அவளுக்குப் பின்னால் தங்கச்சி கண்ணை உருட்டினாள். குளவி என் நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் இவள் ரெண்டு அடி தள்ளி நின்றுகொண்டு கேட்கிறாள். ரெண்டு வருஷமாக அதே ரெண்டு அடி.

"பாத்தேன்" என்றேன். "வெறும் ஐஸ் வெச்சா மரத்துப்போவுது. ஆனா குத்துனா வலிக்கத்தான் செய்யிது, கொஞ்சமா. அப்புறம் உப்பு போட்டு வெச்சேன். வலியே இல்ல. அப்புறம் காது வெந்துபோச்சு."

தங்கச்சி தலையில் கை வைத்துக்கொண்டாள். மருமகள் கிட்டே வந்தாள். என்னைக் குனியச் சொன்னாள். பிளாஸ்திரியை ஒரு ஓரத்தில் தூக்கி உள்ளே பார்த்தாள்.

"உப்பு எங்க?"

பையிலிருந்து பொட்டலத்தை எடுத்துக் காட்டினேன். பிடுங்கிக்கொண்டாள். பிறகு சமையலறைக்குப் போய், ஸ்டூலில் ஏறி, உப்பு ஜாடியையும் எடுத்துக்கொண்டு வந்தாள்.

"வெறும் ஐஸ் மட்டும் வையி. உப்பு எங்கிட்டதான் இருக்கும்."

"அப்ப உக்காருவியாடி?" என்றாள் தங்கச்சி.

"உப்பு எங்கிட்ட இருந்தா உக்காருவேன்."

வாசலிலேயே வாளியையும் ஐஸையும் என்னிடம் வாங்கிக்கொண்டுபோன தங்கச்சி வீட்டுக்காரர், இதற்குள் கொல்லைப்பக்கம் மரவாளியை வைத்துக்கொண்டு பாலைச் சுற்ற ஆரம்பித்திருந்தார். கரண்டு இல்லை, மின்விசிறி இல்லை, மனிதர் வேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், இருவது நிமிசமா சுத்துறேன். பால் பாலாவே இருக்கு."

"உப்பு போடணும் மாப்ள."

"போடு."

"உம் பொண்ணுகிட்ட இருக்கு."

அவர் எழுந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்து சுற்றினார். யாரோ ஒரு பெரியப்பா, கடையில் ஒரு பாக்கெட் வாங்கிக்கொண்டு வந்துவிடலாமே என்றார். தங்கச்சி, "இந்த வீட்டுக்குள்ள இன்னொரு உப்பு வர்றத அவ பாத்தா, அப்புறம் ஏழு வயசுதான். ஐஸ்கிரீம் இல்லன்னா ஒண்ணும் குடி முழுவாது" என்றாள். ஆக, மொத்த வீடும் அந்தப் பிள்ளையின் காதுக்காகக் காத்திருந்தது.

வந்தது அதே ஆசாரிதான். பலகையில் உட்கார்ந்ததும் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி வைத்துக்கொண்டார். நான் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். மருமகள் என் மடியில் ஏறினாள். ஜாடி அவள் கால்களுக்கு நடுவில், பொட்டலம் ரெண்டு கையிலும். நான் வெறும் ஐஸ் துண்டைத் துணியில் சுற்றி அவள் காதில் வைத்தேன். அவள் அதை வாங்கி, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தாள். கரிக்கவில்லை. திருப்பிக் கொடுத்தாள்.

"கொஞ்சமா வலிக்கும்னா எவ்ளோ?"

"எறும்பு கடிச்ச மாதிரி."

"பிள்ளையார் எறும்பா, கட்டெறும்பா?"

பிள்ளையார் எறும்பு கடிக்காது. அப்படிச் சொல்லிவிடலாம் என்று ஒரு கணம் ஆசையாகத்தான் இருந்தது.

"கட்டெறும்பு."

அவள் யோசித்தாள். "சரி" என்றாள்.

வலது காது. ஆசாரியின் கை போனதும் தெரியவில்லை, வந்ததும் தெரியவில்லை. அவள் மூச்சை இழுத்துப் பொட்டலத்தை இறுக்கினாள். அது வெடித்து என் புது வேட்டியெல்லாம் கல் உப்பு. அழவில்லை. எல்லோரும் சந்தோஷத்தில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்தச் சத்தத்தில் இடது காதில் நான் ஐஸை வைக்க மறந்துவிட்டேன், ஆசாரியும் காத்திருக்கவில்லை. இந்த முறை "அம்மா" என்று அலறி, கைக்கு எது கிடைத்ததோ அதைப் பிடித்துத் தொங்கினாள். கிடைத்தது என் பிளாஸ்திரிக் காது.

நான் போட்ட சத்தம் வடக்கு வீதி வரைக்கும் கேட்டது என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். வீடியோக்காரர் பேட்டரியில் எடுத்துக்கொண்டிருந்தார். அதில் பார்த்தால் பிள்ளை அழுவது ரெண்டு விநாடிதான். மிச்சமெல்லாம் நான். மேலே ஆசாரியின் குரல் பதிந்திருக்கிறது: "கொழந்த சமத்து. மாமனப் புடிச்சிக்கத்தான் ரெண்டு ஆளு வேணும்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என் கண்ணில் வடிந்ததை அவள் பாவாடை நுனியால் துடைத்துவிட்டாள்.

"ஒரு காது கட்டெறும்பு. இந்தக் காது தேளு" என்றாள். "தேளுன்னு நீ சொல்லல."

"ஐஸ் வெக்க மறந்துட்டேன். தப்பு என்னுதுதான்."

தலையை ஆட்டிக்கொண்டாள். பிறகு என் வேட்டியில் சிந்திக் கிடந்த உப்பைக் கையால் கூட்டி அள்ளிக்கொண்டு கொல்லைக்குப் போனாள். "அப்பா, தள்ளு" என்று சொல்லி, வாளியில் இருந்த ஐஸின் மேல் தன் கையாலேயே தூவினாள். ஐஸ் படபடவென்று வெடித்துச் சத்தம் போட்டது. உப்பு விழுந்த இடமெல்லாம் உருகி, வாளி ஓட்டை வழியாகத் தண்ணீர் ஓடியது. கால் மணி நேரத்தில் கைப்பிடி கனமாகி, என் மாப்பிள்ளையால் அசைக்க முடியாமல் போயிற்று. வெளியே ஐஸ் தண்ணீராக, உள்ளே பால் கல்லாக. அதைப் பார்த்துவிட்டு அவர், "இதுக்காடா மச்சான் இத்தன நேரம் என்னச் சுத்தவுட்ட?" என்றார்.

முதல் கிண்ணத்தை மருமகள் வாங்கினாள். ரெண்டு காதிலும் தங்கக் கம்பி, அதன் மேல் மஞ்சள். நேராக என்னிடம் வந்து, ஸ்பூனோடு நீட்டினாள்.

"உப்பு போட்டதுதானே? நீ மொதல்ல சாப்புட்டுப் பாரு."

சாப்பிட்டேன். மூடியை இறுக்கமாக மூடச் சொல்ல நான் மறந்ததால் உப்புத் தண்ணீர் கொஞ்சம் உள்ளே போயிருந்தது. கூடத்தில் எல்லோரும் கிண்ணத்தோடு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தங்கச்சி மறுபடி கண்ணை உருட்டினாள்.

"எப்புடி இருக்கு?"

"லேசாக் கரிக்குது" என்றேன்.

அவள் ஸ்பூனை வாங்கி ஒரு வாய் வைத்துக்கொண்டாள். வாய்க்குள்ளேயே சுழற்றிப் பார்த்தாள்.

"ஆமா, கரிக்குது" என்றாள். பிறகு பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே என் மடியில் ஏறி உட்கார்ந்து, மிச்சத்தைச் சாப்பிட ஆரம்பித்தாள்.